ஒய் போட்ட இடம்

பெருநாள் கழிந்த பத்தாம் நாள்
சுமையாவின் மாப்பிள்ளை
எங்கள் வீட்டுக்குக் குடிவருகிறார்.
கீழக்கரையில் அப்படித்தான்,
பெண் எங்கும் போவதில்லை.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று,
ஏசி மாட்டியாயிற்று.
சம்பந்தியம்மா சுற்றிப் பார்த்துவிட்டு
ஒன்றே ஒன்றுதான் கேட்டார்:
"பாத்ரூம் எங்கே?"

நடுச்சாமத்தில் புது மாப்பிள்ளை
படியிறங்கி
என் கட்டிலைத் தாண்டிப் போவதை
ஒருமுறை நினைத்துப் பார்த்தேன்.
மறுநாளே வழிவிட்டானுக்குப் போன் போட்டேன்.

அது அவர் பெயர்தான்.
பிளம்பர். திருப்புல்லாணியிலிருந்து வருவார்,
வண்டிக்குப் பின்னால் குழாய்கள்
ஈட்டிபோல நீட்டிக்கொண்டிருக்கும்.

சுவரைத் தட்டினார். கடல்கல்.
உளி பட்ட இடத்தில் சுண்ணாம்பு உதிர,
உள்ளே முழுசாய் ஒரு சிப்பி,
வாய் திறக்காமல்.
"டிரில்லு போட்டா சுவரே கூட வந்துரும்மா."
கையாலேயே குடைந்தார்.
நாலு அங்குல ஓட்டைக்கு இரண்டு நாள்.

பிறகு பழைய குழாயைத் தேடினோம்,
உம்மாவின் கல்யாணத்துக்குப் பதித்த மண்குழாய்.
ரசமட்டம் வைத்தார், நூல் பிடித்தார்,
சொட்டுநீலம் கரைத்து ஒரு வாளி ஊற்றினார்.
நீலம்
எங்கள் பக்கத் தொட்டிக்கு வரவேயில்லை.
"வாட்டம் அந்தப் பக்கம் போகுதும்மா."

அந்தப் பக்கம் லாத்தாவுடையது.
முற்றத்தின் நடுவே ஏழு வருஷமாய்
ஹாலோபிளாக் சுவர், பூசாமல்.
பத்திரம் பதினொரு பக்கம்.
மாடி எனக்கு, கிணறு அவளுக்கு,
உம்மாவின் செம்பு அண்டாவுக்குக்கூட ஒரு வரி உண்டு.
சாக்கடையை எழுத
ஒருவருக்கும் தோன்றவில்லை.
என் வீட்டுத் தண்ணீரும் அவள் வீட்டுத் தண்ணீரும்
மண்ணுக்கடியில் இத்தனை நாளும்
ஒன்றாய்த்தான் போய்க்கொண்டிருந்தன.

"டீ போட்டா முட்டிக்கிட்டு நிக்கும்.
ஒய் போடுறேன், சாஞ்சு சேந்துரும்."
மண்குழாயில் ஒரு முழம் அறுத்தெடுத்தார்.
சொல்யூஷன் தடவித் திருகி
முப்பது எண்ணும்வரை பிடித்திருந்தார்.

முதல் பிளஷ்.
மேலே நாங்கள் கைதட்டினோம்.
சுவருக்கு அப்பாலிருந்து ஒரு குரல்:
"யாருடி அது?
என் பாத்ரூம் குறட்டை விடுது!"

'டி' என்றாளே.

வழிவிட்டான் தலையைச் சொறிந்தார்.
இறங்குகிற தண்ணீருக்குப் பின்னால் காற்று வர வேண்டுமாம்.
வராவிட்டால்
பக்கத்து டிராப்பில் நிற்கும் தண்ணீரை இழுத்துக்கொள்ளுமாம்.
இரண்டு விரற்கடைத் தண்ணீர்,
அதுதான் நாற்றத்துக்குக் கதவு.
அது போனால் சாக்கடை
கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.
காற்றுக்குழாய் வேண்டும்.
அவள் சுவரில்தான் ஏற்ற முடியும்,
தளத்துக்கு மேலே மூன்றடி.

கேட்கப் போனது நான் இல்லை.
அவர்தான் போனார், செருப்பைக் கழற்றிவிட்டு.
அரைமணி நேரம்.
நோன்பு வாயோடு அவருக்குத் தொதல் வெட்டி வைத்தாளாம்.
"போடச் சொல்லிட்டாங்க.
வெள்ளையா நிக்கக் கூடாதாம்,
சுவர் கலருக்குப் பெயின்ட் அடிக்கணுமாம்."

கடல்காற்று எழும் ராத்திரிகளில்
அந்தக் குழாய் ஊதுகிறது.
மாப்பிள்ளை பயந்துவிடுவார் என்கிறாள் சுமையா.
எனக்குப் பழகிவிட்டது.
சஹருக்கு அவள் எழுந்து ஊற்றும் முதல் வாளி
என் குழாயில் மெல்ல ஒரு மிடறு விழுங்கும்.
அப்புறம்தான் அடுப்பு பற்றவைக்கிறேன்.

நேற்று லாத்தாவின் மகன் வந்தான்.
காற்றுக்குழாய்ச் செலவில் பாதி,
ஆயிரத்து நூற்றைம்பது, உம்மா கொடுக்கச் சொன்னதாம்.
நான் கேட்கவில்லையே என்றேன்.
தெரியாது என்று ஓடிவிட்டான்.

எண்ணிப் பார்த்தேன்.
பத்து ரூபாய் கூடுதல்.
கணக்கில் தப்பு விடுகிறவள் இல்லை அவள்.

தனியே எடுத்து வைத்திருக்கிறேன்,
ரோஜாப்பூ போட்ட கல்யாணக் கவர்களில்
பேர் எழுதாத முதல் கவருக்குள்.